சார்லஸ் லாம்பின் ‘கனவுக் குழந்தைகள்’

ஆங்கில உரைநடையில் தன்னுணர்ச்சிக் கட்டுரைக்கு உயர்ந்த இடம் தேடித் தந்தவர் சார்லஸ் லாம்ப் (1775–1834). அவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் 1792 முதல் 1825 வரை கணக்கெழுதிய குமாஸ்தா. 1796இல் தமக்கை மேரி மனநோயின் வேகத்தில் பெற்ற தாயையே கொன்றுவிட, அவரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற லாம்ப் கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை. 1822இல் வெளிவந்த ‘கனவுக் குழந்தைகள்’ என்னும் கட்டுரையை இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

ஒரு தந்தை தம் மக்கள் ஆலிசுக்கும் ஜானுக்கும் கொள்ளுப்பாட்டியின் கதையைச் சொல்கிறார். பாட்டி நன்றாக நடனமாடுவாள் என்றதும் ஆலிசின் கால் தன்னையறியாமல் அசைகிறது. ஜான் எடுக்க நினைத்த திராட்சைக் கொத்தை மெல்லத் தட்டிலேயே வைத்துவிடுகிறான். இறுதியில் குழந்தைகள் மங்கி மறைகின்றனர். தந்தையாகத் தோன்றியவர் நாற்காலியில் உறங்கி விழித்த பிரமசாரி!

இது வெறும் திடீர்த் திருப்பந்தானே எனச் சிலர் கேட்கக்கூடும். அன்று. கனவென்பதைத் தலைப்பே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அறிந்திருந்தும் நாம் அதை மறந்துவிடுகிறோம். அசையும் அந்தக் காலும், தட்டுக்குத் திரும்பும் அந்தக் கொத்தும் நம்மை மறக்கச் செய்கின்றன. ‘பிறகு சொன்னேன்’, ‘அப்புறம் சொன்னேன்’ என்று மூச்சுவிடாமல் நீளும் வாக்கியங்களும், பேச்சு நின்றால் குழந்தைகள் போய்விடுவர் என்று அஞ்சுவனபோல் ஓடுகின்றன.

மற்றோர் உத்தி முகமூடி. ஆசிரியர் ‘எலியா’ ஆகிறார். தமக்கை ‘பிரிட்ஜெட்’ ஆகிறார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இருந்த பாட்டியின் வீடு நார்ஃபோக்குக்கு இடம்பெயர்கிறது. ஆயினும் 1821இல் இறந்த அண்ணன் ஜானின் பெயர் மட்டும் பெரிதும் மறைக்கப்படவில்லை. அந்த அண்மைத் துயரம் முகமூடிக்குள் அடங்கவில்லை போலும்! தாயின் கொடிய முடிவு பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இந்த அடக்கமே கட்டுரையை வெறும் புலம்பலாகாமல் காக்கிறது.

தேர்வுக்காக இதனைப் படித்த அன்பர்கள் மீண்டும் ஒருமுறை, இம்முறை தம் குழந்தைகளை அருகிருத்தி வாய்விட்டுப் படிக்க வேண்டுகிறேன். பார்த்தறியாத பாட்டியையும் வாழ்ந்தறியாத வீட்டையும் பேச்சினாலேயே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய நிலையில் உள்ள நமக்கு, லாம்ப் அயலவராகத் தோன்றமாட்டார்.