துரத்தும் வேளை

கால்பந்தில், பறிகொடுத்த பந்தை ஓடித் துரத்துகிறவனுக்கு நாம் கைதட்டுகிறோம். ஆனால் ஓடத் தெரிந்தால் போதாது. எப்பொழுது ஓடுவது என்று தெரியவேண்டும். 2008 முதல் 2012 வரை குவார்டியோலா பயிற்றுவித்த பார்சிலோனாக் கோஷ்டிக்கு அது தெரிந்திருந்தது. பந்தைப் பறித்தவன் இன்னும் தலை நிமிரவில்லை; யாருக்குத் தருவது என்று திகைக்கிறான். சுமார் 5 விநாடி. அதற்குள் நாலு பேராகச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவன் மட்டும் துரத்தினால், அவன் விட்டுவந்த இடமே எதிராளிக்கு வழியாகிவிடும். பந்து கிடைக்காவிட்டாலோ, எல்லோரும் பின்வாங்கி அணிவகுத்து, எதிராளியின் கால் எப்போது தடுமாறும் என்று காத்திருப்பார்கள். இந்தப் பின்வாங்கலுக்கு யாரும் கைதட்டுவதில்லை. அந்தக் கோஷ்டியின் மேதைமை இதில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.