துடைப்பத்தை முத்தமிட்டவன்

நகைச்சுவைப் படங்களைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கும் வழக்கம் படித்தோரிடையே உண்டு. சார்ளி சப்ளின் 1915ஆம் ஆண்டு எஸனே நிறுவனத்துக்காக ஆக்கிய 'வங்கி' என்னும் இரு சுருள் மௌனப் படம் அவ்வழக்கத்துக்குத் தக்க மறுமொழியாகும்.

ஒருவன் மிடுக்குடன் வங்கியினுள் நுழைகின்றான். பெரிய இரும்புப் பெட்டகத்தின் இரகசியப் பூட்டைத் திறந்து உட்செல்கின்றான். முதலாளி போலும் என எண்ணுகின்றோம். ஆனால் அவன் வெளியே கொணர்வது பணமன்று. வாளியும் நிலந் துடைக்கும் துடைப்பமுமே. பெட்டகத்தைத் திறக்கத் தெரிந்தவனுக்கு அதிலுள்ள செல்வத்தில் ஒரு சதமும் உரித்தன்று. இவ்வுண்மையை ஒரு சொல்லுமின்றிச் சப்ளின் உணர்த்திவிடுகின்றார்.

இச்சிற்றூழியன் அங்கு பணிபுரியும் பெண்ணொருத்தியை விரும்புகின்றான். எட்னா பேர்வியன்ஸ் நடிக்கும் அப்பெண்ணோ காசாளனை விரும்புகின்றாள். அவன் அன்புடன் வைத்த மலர்கள் குப்பைக் கூடைக்குச் செல்கின்றன. மனமுடைந்தவன் உறங்கிக் கனவு காண்கின்றான். கனவில் கொள்ளையர் வருகின்றனர், காசாளன் கோழையாகின்றான், சிற்றூழியனோ அவர்களை முறியடித்து அவளையும் வங்கியையும் காக்கின்றான். அவளை முத்தமிடும் வேளையில் விழிக்கின்றான். கையிலிருப்பது துடைப்பம்!

நாம் சிரிக்கின்றோம். ஆயின் எதற்காகச் சிரிக்கின்றோம் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். தன்னைப் பொருட்படுத்தாத வங்கியின் பணத்தைக் கனவிலும் அவனே காக்கின்றான். உடைமையாளரின் மெச்சுதலைப் பெறுவதே மனிதனாக மதிக்கப்படுவதற்கு வழி என அவன் நம்புகின்றான். உழைப்பவனின் கனவுகூட இரவல் கனவாகிவிடும் கொடுமை இது.

இலண்டனில் 1889இல் பிறந்து, ஏழு வயதில் வறியோர் விடுதியில் வாழ நேர்ந்த சப்ளின், இந்த இடத்தில் நின்றுவிடவில்லை. 1936இல் வெளிவந்த 'நவீன காலம்' படத்தில், வேலையற்ற தொழிலாளியும் ஆதரவற்ற பெண்ணும் வீதியோரத்தில் அமர்ந்து கனவு காண்கின்றனர். அங்கே காப்பதற்குப் பிறர் பெட்டகம் இல்லை. இருவருக்கு ஒரு வீடு, கைக்கெட்டும் பழம், வாசலில் பால் தரும் பசு, அவ்வளவே. அக்கனவையும் ஒரு பொலிஸ்காரன் வந்து கலைக்கின்றான். எனினும் அது அவர்களது சொந்தக் கனவு.

இருபத்தொரு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றத்தையே சப்ளினின் வளர்ச்சி என நாம் கொள்கின்றோம். கனவு காண்பது குற்றமன்று. யாருடைய கனவைக் காண்கின்றோம் என்பதே கேள்வி.