பன்னிருவரும் ஓர் ஐயமும்

அரசியல் சாசனம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன நாடாளுமன்றமும், நெடுந்தூண்கள் தாங்கிய நீதிமன்றமும், சட்டப் பெருநூல்களுமே. கடிகாரம் பழுது பார்ப்பவரும், வீடுகளுக்கு வண்ணம் பூசுபவரும், வங்கியில் எழுத்தராய் இருப்பவரும் அச்சாசனத்தைத் தம் தோளில் தாங்கி நிற்கவேண்டிய ஒரு பொழுது வரும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு பொழுதையே முழுப்பொருளாகக் கொண்டது ரெஜினால்ட் ரோஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'ட்வெல்வ் ஆங்க்ரி மென்'. சினங்கொண்ட பன்னிருவர் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். தாம் ஒரு வழக்கில் ஜூரியாக அமர்ந்து பெற்ற பட்டறிவிலிருந்து ரோஸ் இதனை எழுதினார். 1954இல் தொலைக்காட்சி நாடகமாக வெளிவந்த இப்படைப்பு, 1957இல் சிட்னி லூமெட்டின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அத்திரைப்படத்தையே இங்கு நாம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரை நடுநிலை வாய்ந்த ஜூரியின் முன் பகிரங்கமாக விசாரிக்கவேண்டும் என்பது, 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சாசனத்தின் ஆறாம் திருத்தம் அளிக்கும் உரிமை. நம் நாட்டிலும் ஜூரி முறை ஒருகாலத்தில் இருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. ஆகவே, அஞ்சலில் வரும் ஓர் அழைப்பின்பேரில் தம் அலுவலை விட்டுவிட்டு வந்து, முன்பின் அறியாத ஒருவனுடைய உயிரைப் பற்றி முடிவு சொல்லும் சாமானியக் குடிமக்களின் நிலை நமக்குப் புதுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

கதை எளியது. தந்தையைக் கத்தியாற் குத்திக் கொன்றதாகப் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் மீது வழக்கு. குற்றவாளி என்று பன்னிருவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தால் அவனுக்கு மின்சார நாற்காலி உறுதி. புழுக்கம் மிகுந்த ஒரு நாளில், மின்விசிறியும் சுழலாத ஓர் அறையில் பன்னிருவரும் அடைக்கப்படுகின்றனர். முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் குற்றவாளி என்கின்றனர். எட்டாம் எண்ணுடைய ஜூரர் மட்டும் மாறுபடுகின்றார். கட்டடக் கலைஞரான இவ்வேடத்தை ஏற்றவர் ஹென்றி ஃபோண்டா. மாலைக்குள் பதினொருவரும் ஒவ்வொருவராக அவர் பக்கம் வந்து சேர்கின்றனர்.

ஒரு நல்ல மனிதர், நிரபராதி ஒருவனைக் காப்பாற்றிய கதை என்றே இதனைப் பலரும் போற்றுவர். இப்பாராட்டு படைப்பின் உயிர்நிலையைத் தவறவிடுகின்றது என்பது நம் கருத்து. அவன் நிரபராதி என்று எட்டாமவர் ஓரிடத்திலும் சாதிக்கவில்லை. கொலை செய்தவன் யார் என்பது படம் முடிந்த பின்னும் நமக்குத் தெரிவதில்லை. அவன் செய்தானா என்பது அவ்வறையின் முன்னுள்ள கேள்வியன்று. அவன்தான் செய்தான் என்பதை நியாயமான ஐயத்திற்கு இடமின்றி அரசு மெய்ப்பித்துவிட்டதா என்பதே கேள்வி. இந்த அளவுகோல் சாசனத்தின் கட்டாயம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1970இல் வெளிப்படையாக அறிவித்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இப்படம் அதனை ஒரு மேசையைச் சுற்றி நடக்கும் உரையாடலாக ஆக்கிக் காட்டிவிட்டது. 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும் நாணயமே இங்குக் குடிமையின் முதற்பாடம்.

பெரும்பாலோர் கவனியாது கடந்துவிடும் காட்சி ஒன்றுண்டு. வாதிட்டுச் சலித்த எட்டாமவர், தாம் விலகி நிற்க மற்றப் பதினொருவரும் இரகசிய வாக்களிக்கட்டும் என்கின்றார். அவர்கள் அனைவரும் மீண்டும் குற்றவாளி என்றே எழுதினால் தாமும் இணங்கிவிடுவதாகக் கூறுகின்றார். இஃது அவர் பாத்திரத்தின் வழுவா? ஒருவகையில் வழுவே. ஐயம் மெய்யானதாயின், பதினொருவர் எதிர்த்தாலும் அதனை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையேது? ஓர் உயிரன்றோ பணயம்! ஆயினும் அந்த வழுவிலேதான் ஓர் உண்மை வெளிப்படுகின்றது. தனித்து நிற்பவனுக்கும் ஓர் எல்லை உண்டு; இரண்டாமவன் ஒருவன் எழுந்தால்தான் மாற்றுக்கருத்து உயிர்பிழைக்கும். அவ்விரண்டாமவர், எல்லோரினும் முதியவரான ஒன்பதாம் ஜூரர். இளைஞனை நிரபராதி என்று அவர் நம்பிவிடவில்லை. தனித்து நிற்கத் துணிந்தவரின் பேச்சை இன்னும் சற்றுக் கேட்கவேண்டும் என்பதற்காகவே மாறுகின்றார். இப்படத்தின் நாயகன் யார் என்று நம்மைக் கேட்டால், அம்முதியவரையே சுட்டுவோம்.

அடுத்து நம் நெஞ்சில் நிற்பவர் பதினொன்றாமவர். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய கடிகாரத் தொழிலாளி அவர். பந்தாட்டத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு பரபரக்கும் ஏழாமவர், சீக்கிரம் வெளியேறினாற் போதுமென்று தம் வாக்கைத் திடீரென மாற்றிக்கொள்கின்றார். அவ்வாக்குப் பதினொன்றாமவருடைய பக்கத்திற்கே வலுச்சேர்க்கின்றது. வேறொருவராயின் வாய்மூடி இருந்திருப்பார். இவரோ சினந்தெழுந்து, காரணமின்றி மாறிய வாக்கு ஓர் உயிரை விளையாட்டாக்கும் செயல் எனக் கடிந்துகொள்கின்றார். தமக்குச் சாதகமான முடிவாயினும் அது நேரிய வழியில் வரவேண்டும் என்ற இவ்வுணர்வினும் உயர்ந்த குடிமைப் பண்பு வேறென்ன இருக்கமுடியும்? பிறப்பால் அமெரிக்கரான ஏழாமவருக்குத் தெரியாத ஒன்றைப் பின்னாளில் வந்து குடியேறியவர் கற்பிக்கின்றார். ஆசிரியர் இதனை விளக்கிப் பேசாமல் நிகழ்ச்சியாகவே விட்டுவிட்டது போற்றத்தக்கது.

குறைகளும் இல்லாமலில்லை. எட்டாமவர் அவ்விளைஞன் வாழ்ந்த பகுதிக்குத் தாமே சென்று, கொலைக்கத்தியைப் போன்றதொரு கத்தியை வாங்கிவந்து மேசையிற் குத்தி நிறுத்துகின்றார். அரங்கம் அதிரும் காட்சிதான். ஆனால் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட சாட்சியத்தை மட்டுமே ஜூரர் எடைபோடவேண்டும். தாமாகப் புலன்விசாரணை செய்தல் முறைகேடு. உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் தம் இளமையில் இப்படத்தால் உள்ளம் கவரப்பட்டவர். அவரே கீழ் நீதிமன்றத்தில் இருந்தபோது, இப்படத்தில் வருவோரைப் பின்பற்ற வேண்டாமென ஜூரர்களை எச்சரித்ததாக 2010இல் கூறினார். நல்ல நோக்கத்திற்காக விதியை மீறும் நாயகனைக் கண்டு கைதட்டும் நாம், தீய நோக்கத்திற்காக அதே விதியை மீறும் ஒருவனை எதைக்கொண்டு தடுப்போம்?

மற்றொரு குறை, அம்மேசையைச் சுற்றி அமர்ந்தோர் அனைவரும் வெள்ளை ஆடவர் என்பது. சேரிவாழ் மக்களைப் பத்தாமவர் இழித்துப் பேசும்போது மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முதுகைத் திருப்பிக்கொள்ளும் காட்சி மறக்கவொண்ணாதது. எனினும், இழிக்கப்பட்ட இனத்தார் ஒருவரும் பதில் கூற அங்கில்லை. கறுப்பின மக்களைச் சட்டத்தால் ஜூரியினின்று விலக்கலாகாது என 1880இலேயே தீர்ப்பாயிற்று. பெண்களை ஒதுக்கிவைக்கும் முறை 1975இல்தான் சாசனத்திற்கு முரணாயிற்று. இனத்தைக் காரணமாகக் கொண்டு அரசு வழக்கறிஞர் ஜூரரைத் தள்ளிவைப்பதற்கு 1986இல் தடை வந்தது. அதுமட்டுமன்று, ஒருவர் மறுத்தாலும் தண்டிக்க இயலாது என்னும் விதியே இக்கதையின் அச்சாணி. லூசியானா, ஆரிகன் என்னும் இரு மாநிலங்களிலோ, மரண தண்டனைக்குரிய வழக்குகள் போன்றவை நீங்கலாக, பத்துப்பேர் ஒத்தால் போதுமென்ற வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கடுங்குற்ற வழக்குகளில் ஒருமுகத் தீர்ப்பு எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2020இல்தான் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. இன்னொன்றையும் மறத்தலாகாது. தண்டனைகளுள் மத்திய நீதிமன்றங்களில் நூற்றுக்கு 97, மாநில நீதிமன்றங்களில் நூற்றுக்கு 94, குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விளைந்தவையே என அந்நீதிமன்றம் 2012இல் எடுத்துரைத்தது. அவ்வழக்குகளில் பன்னிருவரின் மேசையும் இல்லை, எட்டாமவரும் இல்லை.

அப்படியாயின் இப்படத்தின் பயன் யாது? நல்லவன் ஒருவனை நம்பியா ஒரு சாசனம் எழுதப்படுகின்றது? நல்லவன் வராத நாளிலும் நீதி பிழைக்கவேண்டும் என்பதற்கே விதிகள். ஆயினும் அவ்விதிகளை எடுத்தாள ஒருவருமில்லையேல் அவை வெறும் எழுத்தே. ஒருமுகத் தீர்ப்பு என்னும் விதி இல்லையேல் எட்டாமவரின் குரல் முதல் வாக்கெடுப்போடு அடங்கியிருக்கும். எட்டாமவர் இல்லையேல் அவ்விதி பதினைந்தே நிமிடங்களில் ஒரு சடங்காய் முடிந்திருக்கும். ஜூரி முறையை மக்களுக்குரிய ஓர் இலவசக் கல்விக்கூடமாக 1835இலேயே கண்ட பிரெஞ்சு அறிஞர் டோக்வில், இவ்விரண்டின் இணைப்பையே உணர்ந்திருந்தார்.

மழை ஓய்ந்தபின் நீதிமன்றப் படிகளில் எட்டாமவரும் ஒன்பதாமவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டறிந்து பிரிகின்றனர். அதுவரை அவர்களுக்கு எண்களே பெயர். மறுநாள் எவரும் அவர்களைப் பாராட்டப் போவதில்லை. அவரவர் அலுவலுக்கு அவரவர் திரும்புவர். சாசனம் அன்று ஒரு பிற்பகல் முழுதும் அவர்கள் கையில் இருந்தது. அதைக் கீழே போடாமல் அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கினார்கள். குடிமைக் கடமைக்கு இதனினும் சிறந்த விளக்கத்தை நாம் அறியோம்.