ஜகார்த்தா போன தஞ்சாவூர்க் கால்கள்

2003 ஜூலை 26. ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். தாய்லாந்தின் பெக் டெரோ சாசனா அணியை 3-1 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். மைக் ஒகோரோ, பைச்சுங் பூட்டியா, ஆல்விடோ டி'குன்ஹா என்று கோல் அடித்த மூவரின் பெயரை விஷயம் தெரிந்த ரசிகர்கள் இன்றும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். கோப்பை வென்ற அந்த அணியில் தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் இருந்தார். பெயர் கலியா குலோத்துங்கன். நடுக்கள ஆட்டக்காரர்.

தஞ்சாவூர் மைதானத்தில் பந்தோடு நின்ற பையன்கள் சிலரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மெஸ்ஸியின் பூட்ஸ் நிறம் வரைக்கும் தெரிந்த பையன்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்காதது நாம்தான்.

அந்த வெற்றியின் எடை என்னவென்று முதலில் பார்ப்போம். பெக் டெரோ அந்த ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிவரை போன அணி. இதே போட்டியின் குழுச் சுற்றில் ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று தோற்கடித்திருந்தது. அதன்பிறகு பிலிப்பைன்ஸ் ராணுவ அணிக்கு எதிராக ஆறு கோல், காலிறுதியில் பெர்சிட்டா, அரையிறுதியில் பெனால்டி வரை இழுத்த பெட்ரோகிமியா என்று ஒவ்வொரு படியாக ஏறி, தோற்ற அதே அணியை இறுதியில் எதிர்கொண்டது ஈஸ்ட் பெங்கால். அதுவும் ஜூலை வெக்கையில், இரண்டே வாரத்தில் இத்தனை ஆட்டம். பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக் உடல்தகுதிமேல் அவ்வளவு பிடிவாதம் காட்டியதற்குப் பலன் அங்கேதான் கிடைத்தது.

நடுக்களத்தில் ஆடுபவரின் வேலையை நம் ஊர் ஆட்களுக்கு விளக்குவது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்று முடிவு செய்ய ஒருவர் மண்வெட்டியோடு வரப்பில் நிற்பார். கடைமடை வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் அது அவர் கணக்கு. ஆனால் களத்துமேட்டில் நெல் குவியும் நாளில் அவரை யாரும் தேடுவதில்லை. மிட்பீல்டரின் பிழைப்பும் அதுதான். பின்வரிசையிலிருந்து பந்தை வாங்குகிறார், திரும்புகிறார், காலியாக இருக்கும் பக்கம் பார்த்து விடுகிறார். பந்து பறிபோனால் முதலில் ஓடி மறிப்பவரும் அவரே. ஆட்டத்தில் அதிகம் ஓடும் ஆள், மறுநாள் பத்திரிகையில் அதிகம் வராத ஆள்.

இன்றைக்கு ஒருவர் எத்தனை பாஸ் கொடுத்தார், எத்தனை தடவை பந்தைப் பறித்தார், எத்தனை கிலோமீட்டர் ஓடினார் என்று எண்ணித் தருவதற்குக் கணினி இருக்கிறது. 1996-இல் தொடங்கிய நேஷனல் லீக் காலத்தில் நாளிதழில் வந்தது ஸ்கோரும் கோல் அடித்தவர் பெயரும்தான். குலோத்துங்கன் நின்று ஆடியது அந்த இருட்டில். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளின் சட்டையையும் போட்டவர் அவர். பிறகு மும்பை எஃப்சி, விவா கேரளா. தமிழ்நாட்டுக்காக சந்தோஷ் கோப்பையிலும் ஆடினார். மூன்று பெரிய அணிகளுக்கும் தேவைப்பட்டவர் என்ற ஒன்றே, கொல்கத்தா மைதானத்தின் கூச்சலையும் வசையையும் அறிந்தவர்களுக்குப் போதுமான சான்றிதழ். அங்கே லீக் நடப்பது மழைக்காலத்தில். சேற்றில் பந்து நின்றுவிடும், கால் வழுக்கும். அந்தக் களத்தில் நடுவில் நின்று பிழைக்க வித்தை மட்டும் போதாது.

காலம்தான் அவருக்குச் சற்று முன்பின்னாக அமைந்துவிட்டது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கிய 2014-இல் அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வியாசர்பாடி தனபால் கணேஷ் 2017-18-இல் சென்னையின் எஃப்சியோடு ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அத்தனை வீடுகளிலும் தொலைக்காட்சியில் தெரிந்தார். காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி நாராயணன் பெங்களூருக்காக அடித்த கோல்கள் ஒவ்வொன்றும் கைபேசியில் கிடைக்கின்றன. பத்து ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால் குலோத்துங்கனின் பாஸ்களும் கிடைத்திருக்கும்.

குலோத்துங்கன் வந்தது காவிரி டெல்டாவிலிருந்து. இன்னொரு டெல்டாவைப் பார்க்கிறேன். எகிப்தின் நைல் டெல்டாவும் நம்மைப் போலவே வாய்க்காலும் நெல்லும் உள்ள பூமி. அங்கே மஹல்லா என்ற ஆலை நகரத்திலிருந்து வந்தவர் முகமது எல்னெனி. அவரும் நடுக்கள ஆட்டக்காரர், அவரும் கோல் கணக்கால் பெயர் வாங்கியவர் இல்லை. கெய்ரோவின் அல் மொகாவ்லூனில் ஆடி, 2013-இல் சுவிட்சர்லாந்தின் பாசல், 2016-இல் லண்டனின் ஆர்சனல் என்று போய், எட்டு ஆண்டு அங்கே நிலைத்தார். அதே மாகாணத்தின் நக்ரிக் கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி மணிக்கணக்கில் பயணம் செய்து அதே மொகாவ்லூனில் பயிற்சிக்கு வந்தவர்தான் முகமது சாலா. எனக்கு உறைப்பது அவர்கள் பயணம் இல்லை. அவர்கள் ஊரில் அதற்கு முன்பே இருந்த ஒன்று. மஹல்லாவின் பஞ்சாலை அணி 1973-இல் எகிப்து லீக்கையே வென்றது, மறு ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிக்குப் போனது. டெல்டாவுக்குள்ளேயே, வேலைக்குப் போகிறவர்கள் வாரம்தோறும் போய்ப் பார்க்கிற பெரிய அணி. மஹல்லாவில் பிறக்கும் பையனுக்குத் தொழில்முறைக் கால்பந்து எப்படி இருக்கும் என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

காவிரி டெல்டாவில் அப்படி ஓர் அணி இருந்ததில்லை. திறமையுள்ளவன் சென்னைக்குப் போக வேண்டும், அங்கே ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற அணிகளின் கண்ணில் பட வேண்டும். அதற்கும் மேலே என்றால் கொல்கத்தா. தஞ்சாவூரிலிருந்து ரயிலில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்.

ஆர்வம் இல்லாமல் இல்லை. அதிராம்பட்டினத்தில் கோடைத் தொடர் போட்டி என்றால் ஊரே மைதானத்தில் நிற்கும். ஆனால் அது கோடை. இங்கே பந்தாட்டத்துக்கு நாள் குறிப்பதும் தண்ணீர்தான். சம்பா அறுத்து, தாளில் தெளித்த உளுந்தையும் எடுத்தபிறகு வயல் கட்டாந்தரையாகக் கிடக்கும். மாடும் பையன்களும் இறங்குவார்கள். இரண்டு செங்கல்லோ செருப்போ வைத்தால் கோல் கம்பம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவைக்கு உழவு, ஆட்டம் முடிந்தது. பிறகு சம்பா, தாளடி, ஐப்பசி அடைமழை. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மிட்பீல்டராக வளர வேண்டுமானால் ஆண்டில் பத்து மாதமாவது பந்து காலில் இருக்க வேண்டும். இங்கே கிடைப்பது மூன்று மாதம். மேட்டுநிலத்தில், வடிகால் சரியாக வெட்டிய மைதானம் தாலுகாவுக்கு ஒன்று இருந்தால் இந்தக் கணக்கு மாறும். நெல் கொள்முதல் நிலையத்துக்கு மேடு பார்த்து இடம் தேடும் நமக்கு இதற்கும் இடம் கண்டுபிடிக்கத் தெரியாதா?

குலோத்துங்கன் 2018 செப்டம்பரில் தஞ்சாவூரில் பைக் விபத்தில் இறந்தார். நாற்பது வயதுதான். இளம் ஆட்டக்காரர்களுக்குக் களத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டிய வயது. எந்தக் கோணத்தில் உடம்பைத் திருப்பிப் பந்தை வாங்க வேண்டும், பூட்டியா எந்தப் பக்கம் ஓடுவார் என்று ஓடும் முன்பே எப்படித் தெரியும், எண்பதாவது நிமிடத்துக்கு மூச்சை எப்படிச் சேமித்து வைப்பது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். அவரோடு அது போய்விட்டது.

முழுவதும் போகவில்லை. அவரோடு ஆடியவர்கள் கொல்கத்தாவிலும் கேரளாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இன்னும் வயதாகவில்லை, ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டுகளின் வங்காள நாளிதழ்கள் கொல்கத்தா நூலகங்களில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வங்காளம் படிக்கத் தெரிந்த ஒருவரும் ரயில் டிக்கெட் எடுத்துக்கொடுக்க இன்னொருவரும் போதும். இந்தக் கோடைக்குள் தொடங்கிவிடலாம்.