வீடியோ போட்டுவிட்டால் மாணவர் மையமா?

அக்கா மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஒரு பாடத்துக்கு வகுப்பே கிடையாதாம். "லேப்ல உக்காந்து வீடியோ பாக்கணும் மாமா. சந்தேகம் கேக்க ஆளே இல்ல" என்றான். கல்லூரி இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மாணவர் மையக் கற்பித்தல்'. பெயர் பொருந்துகிறதா என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் இருபதாயிரம் சொச்சம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதே ஆண்டு சயின்ஸ் இதழில் வந்த இன்னொரு ஆய்வை நம்மூரில் அதிகம் பேர் பேசவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம், முதலாண்டு இயற்பியல், இரண்டு பெரிய வகுப்புகள். ஒரு வாரம் மட்டும், ஒன்றில் அனுபவசாலிப் பேராசிரியரின் வழக்கமான விரிவுரை. மற்றதில் அனுபவம் குறைந்தவர்கள்தான் பாடம் எடுத்தார்கள். ஆனால் மாணவர்கள் முன்பே படித்துவிட்டு வந்து, குழுவாக விவாதித்து, பதில் சொல்லி, தப்பு எங்கே என்று அங்கேயே தெரிந்துகொண்டார்கள். பிறகு இரண்டு வகுப்புக்கும் ஒரே தேர்வு. விரிவுரை வகுப்பின் சராசரி 41%, மற்றதன் சராசரி 74%. ஒரு வாரச் சோதனைதான், அதை வைத்து எல்லாவற்றையும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் வித்தியாசம் சின்னது இல்லை.

இப்போது யோசியுங்கள். தோற்றது விரிவுரை. நாம் வீடியோவில் பதிந்து வைத்திருப்பதும் அதையேதான்!

2013-ல் த்ரனின் உடாசிட்டி, சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம், புள்ளியியல் பாடங்களை இணையத்தில் நடத்தியது. தேர்ச்சி, நேரடி வகுப்பைவிடக் குறைவு. கோடைப் பருவத்தில் முடிவுகள் தேறின. ஆனால் அப்போது சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டதாரிகள்.

நானும் அந்த ரகம்தான். இருபது வருஷ வேலை அனுபவத்தோடு உட்கார்ந்தால் இணையப் பாடம் அமிர்தம். எங்கே புரியவில்லை என்பதாவது எனக்குத் தெரியும். பத்தொன்பது வயசுப் பையனுக்கு அதுவே தெரியாது. அதைக் காட்டிக் கொடுக்கத்தான் ஆசிரியர்.

வீடியோவை வீட்டில் பார்க்கட்டும். மிச்சமாகும் வகுப்பு நேரத்தை அவன் சந்தேகங்களுக்குக் கொடுங்கள். அந்த நேரத்தையே வெட்டிவிட்டால் அதற்குப் பெயர் செலவுக் குறைப்பு. மையத்தில் இருப்பது மாணவன் இல்லை, கல்லூரியின் சம்பளப் பட்டியல்.