மீனாட்சிபுரத்தை எழுதியவர்கள்

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தென்காசி வரை நீளும் வட்டாரம், பாளையங்களின் வழியே வந்த நிலவுடைமையின் வட்டாரமாகும். குளத்துப் பாசன வயல்கள் ஒரு சாராரிடமும் அவற்றில் உழைக்கும் கைகள் ஊருக்குப் புறத்தேயும் இருந்த இம்மண்ணில்தான், 1981 பிப்ரவரி 19 அன்று, தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் தேவேந்திரகுல வேளாளர் குடும்பங்கள் ஏறத்தாழ நூற்றெண்பது கலிமா மொழிந்து இஸ்லாத்தைத் தழுவின. திருநெல்வேலி தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை அந்நிகழ்வை முன்னின்று நடத்தியது. ஊர் ரஹ்மத் நகர் என்னும் புதுப்பெயர் பெற்றது.

அடுத்த சில மாதங்களில் நாட்டின் அரசியல் இலட்சியங்கள் பலவும் அச்சிற்றூரில் வந்து மோதின. வாஜ்பாய் முதலிய தலைவர்கள் நேரில் வந்தனர். வளைகுடாப் பணம் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் ஒலித்தது. விசுவ இந்து பரிஷத் 1983இல் நடத்திய ஏகாத்மதா யாத்திரைக்கு ஊக்கமளித்தவற்றுள் மீனாட்சிபுரமும் ஒன்று. பகுத்தறிவாளர்களுக்கு இது, 1947இல் திருச்சியில் பெரியார் இன இழிவு நீங்க இஸ்லாத்தைப் பரிந்துரைத்து ஆற்றிய உரையின் நிறைவேற்றமாகத் தோன்றிற்று. தலித் இயக்கத்தினர் 1956ஆம் ஆண்டின் நாகபுரியை நினைத்துக்கொண்டனர். நாமோ அழைப்புப் பணியின் வெற்றியெனக் கொண்டாடினோம். மதம் மாறிய மக்களைத் தவிர ஏனைய அனைவரும் அதற்குப் பொருள் உரைத்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இக்கொந்தளிப்பைப் பதிவு செய்த நூல்களுள் இரண்டு முக்கியமானவை: 1983இல் வெளிவந்த மும்தாஜ் அலி கானின் சமூகவியல் ஆய்வும், 1989இல் வெளிவந்த அப்துல் மாலிக் முஜாஹிதின் நூலும். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. மதமாற்றத்தின் வேர் தீண்டாமையிலும் சமூக இழிவிலும் இருந்ததை எடுத்துக்காட்டியது இவற்றின் பெரும் பயனாகும். எனினும் அவதூறுக்கு மறுமொழி கூற வேண்டிய கட்டாயம் அக்காலத்து எழுத்துகள் மீது அழுத்தமாகவே இருந்தது. அவர்கள் ஏன் வெளியேறினார்கள் என்பதே கேள்வியாக நின்றது. வந்துசேர்ந்த இடத்தில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேட்க, பத்தாண்டுக்குள் எழுதப்பட்ட நூல்களுக்கு வாய்ப்பும் குறைவுதான்.

அக்கேள்வியை முப்பதாண்டு கழித்துக் கேட்டது ஒரு புனைகதை. அன்வர் பாலசிங்கத்தின் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' (2011) நாவல், மதம் மாறிய குடும்பத்துப் பெண்களின் திருமணத்தை மையமாகக் கொண்டது. பழைய உறவு அறுந்துபோயிற்று. பரம்பரை முஸ்லிம்கள் பெண் எடுக்க முன்வரவில்லை. வயது ஏறிக்கொண்டே போகிறது. பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்பவன், சம்பந்தம் பேசும் வேளையில் விலகிக்கொள்கிறான். இதனைச் சமுதாயத்தின் மீதான அவதூறு என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாவலில் குறைகளும் உண்டு. பெண்களின் துயரத்தைத் தீட்டும் ஆர்வத்தில், இஸ்லாத்தை அவர்கள் உள்ளத்தால் ஏற்றிருக்கக்கூடும் என்பதற்கு அது போதிய இடம் தரவில்லை. தந்தையரின் முடிவுக்குப் பலியானவர்களாகவே அவர்கள் நின்றுவிடுகின்றனர். கலைநோக்கில் இது பெருங்குறை. ஆனால் குற்றச்சாட்டின் சாரத்தை இக்குறை அழித்துவிடாது.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் 'குஃப்வு' என்னும் சட்டக் கருத்தின் பின்னால் ஒதுங்குவதுண்டு. மணமக்களிடையே பொருத்தம் வேண்டும் என்பதைச் சட்ட அறிஞர்கள் விரிவாகப் பேசியுள்ளனர். இராவுத்தர் பெருமக்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், அரபியரல்லாதாரைப் பொறுத்தவரை, எத்தனை தலைமுறை இஸ்லாம் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டிருக்கிறது; தானே இஸ்லாத்தைத் தழுவியவர், முஸ்லிம் தந்தைக்குப் பிறந்த பெண்ணுக்குக் குஃப்வு ஆகார் என்பது அதன் நிலைப்பாடு. இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப்பற்றையே தலையாய அளவாகக் கொண்டார். குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸை, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமாவுக்கு மணமுடிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி முஸ்லிம் தொகுப்பில் உள்ளது.

ஆயினும் கருத்து வேறுபாட்டை ஒருபுறம் வைத்துவிடலாம். குஃப்வு என்பது மணப்பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் உரிய உரிமை. மணமகன் அவளுக்கு ஈடானவனா என்பதே அதன் வினா. பெண் ஆணுக்கு ஈடானவளா என்று அச்சட்டம் கேட்பதில்லை. எனவே புதிதாக இஸ்லாத்தில் வந்த குடும்பத்துப் பெண்ணைப் பரம்பரை முஸ்லிம் ஒருவர் மணப்பதற்கு ஹனஃபிச் சட்டத்திலும் தடையேதும் இல்லை. நாவல் பேசும் நூர்ஜஹான்களின் நிலைக்கு ஃபிக்ஹு பொறுப்பாகாது. குலம் பார்க்கும் வழக்கத்தை நாம் இம்மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டோம். அதற்கு அரபுப் பெயர் சூட்டிக்கொண்டோம்.

அவர்கள் கொடுத்த விலையையும் இங்கே கருத வேண்டும். 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணையின்படி, இஸ்லாத்தைத் தழுவும் தலித் அட்டவணைச் சாதியினருக்குரிய உரிமைகளை இழக்கிறார். சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் அத்தடை நீங்கிற்று. மத அடிப்படையிலான தடையையே நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அரசிடம் இந்நீதியைக் கோரி நாம் தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம், அது முறையே. ஆனால் சம்பந்தம் பேசும் திண்ணையில் நாம் இழைக்கும் அநீதிக்கு எந்த ஆணையத்திடமும் மனுச் செய்ய இயலாது.

மீனாட்சிபுரம் குறித்த நமது மேடைப் பேச்சுகள் இன்றும் பிப்ரவரி 19 என்னும் அந்த ஒரு நாளிலேயே நின்றுவிடுகின்றன. அதற்குப் பிந்தைய வரலாற்றின் சான்றுகள் வட்டாரத்து ஜமாஅத்துகளின் நிக்காஹ் தப்தர்களில் இருக்கின்றன. 1981க்குப் பின் எந்த ஊர் மாப்பிள்ளைக்கு எந்த ஊர்ப் பெண், எத்தனை மணங்கள், மஹர் எவ்வளவு என்று அப்பக்கங்களைப் புரட்டிக் கணக்கெடுப்பவரிடமிருந்தே மீனாட்சிபுரத்தைப் பற்றிய அடுத்த நூல் வரவேண்டும்.