தூண்டில் தெரிகிறது, மீன் தெரியவில்லை

குறுந்தொகையின் 54ஆம் பாடலை எழுதியவரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பாடலில் வரும் உவமையே பெயராகிவிட்டது: மீனெறி தூண்டிலார். செம்புலப்பெயல்நீராரும் அணிலாடுமுன்றிலாரும் இப்படிப் பெயர் பெற்றவர்கள்தான். ஆனால் அந்தப் பெயர்களில் மழையும் அணிலும் நம் கண்முன் நிற்கின்றன. இங்கே கண்முன் நிற்பது கருவி.

பாடல் சிறியது. தலைவி பேசுகிறாள். நான் இங்கே இருக்கிறேன், என் நலனோ அவனோடு அங்கேயே தங்கிவிட்டது என்கிறாள். அவனுடைய காட்டில், தினைப்புனக் காவலர்களின் கவண் ஒலிக்கு மிரண்ட யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை விட்டுவிடுகிறது. மீனோடு தூண்டில் மேலெழுவதுபோல மூங்கில் விர்ரென்று எழுகிறது. வகுப்பில் இதை நடத்தும்போது யானை தலைவன், மூங்கில் தலைவி என்று சமன்பாடு போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது வழக்கம். தேர்வுக்கு அது போதும். தூண்டிலின் முனையில் இருப்பது யார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

என் வாசிப்பில் தலைவிக்கு மூங்கிலைவிட நெருக்கமானது அந்த மீன்தான். உடல் ஓரிடத்தில், வாழ்வதற்கு வேண்டியது வேறிடத்தில் என்று பிளந்து கிடப்பது நீரிலிருந்து பறிக்கப்பட்ட மீனின் நிலை. தன் இழப்பைச் சொல்ல இந்தக் குறிஞ்சிப் பெண்ணுக்கு மலையில் இருக்கும் எதுவும் போதவில்லை. நீருக்குள்ளிருந்து ஒரு சாவைக் கடன் வாங்குகிறாள். கடன் கொடுத்த உயிருக்குப் பாட்டில் அதற்கு மேல் இடமில்லை.

கேரல் ஆடம்ஸ் 1990இல் வெளியிட்ட 'இறைச்சியின் பாலியல் அரசியல்' நூல் பேசுவது இந்த மறைவைப் பற்றித்தான். தட்டில் இறைச்சி இருக்கிறது, விலங்கு இல்லை. வன்முறைக்கு ஆளான பெண் 'என்னை ஒரு துண்டு இறைச்சிபோல நடத்தினான்' என்று சொல்லும்போதும் அந்த விலங்கு இன்னொரு முறை காணாமல் போகிறது. அமெரிக்க உணவுமேசையை வைத்து எழுதப்பட்ட நூல் அது. நம்மிடம் இதைவிடப் பழைய சான்றுகள் உண்டு. பெண்ணின் கண்ணைக் கயல் என்றோம், சேல் என்றோம். பெரும்பாலான மீன்களுக்கு இமையே கிடையாது. மூட முடியாத அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்று கேட்கவில்லை. பெண்ணைத் துரத்துபவன் 'வலை வீசுகிறான்', 'தூண்டில் போடுகிறான்'. சினிமா வசனத்தில் இதற்குச் சிரிப்பொலி எழுகிறது. வலைக்குள் இருப்பதைப் பற்றி யோசித்தால் சிரிக்க வராது.

மீனுக்கு வலிக்குமா? 2003இல் லின் ஸ்னெட்டன், விக்டோரியா பிரைத்வெயிட் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளும் அவர்களுடைய சக ஆய்வாளரும் வானவில் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் இரை எடுக்க நெடுநேரம் மறுத்தன. உடலை இப்படியும் அப்படியும் ஆட்டின. அமிலம் ஏறிய மீன்கள் தொட்டியின் சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது இவை குறைந்தன. மீனின் மூளையில் பெருமூளைப் புறணி இல்லை, ஆகவே அது வலியை 'உணர' வாய்ப்பில்லை, வெறும் அனிச்சைச் செயல் என்று மறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த மறுப்பின் அமைப்பு பெண்களுக்குப் பழக்கமானது. 1840களில் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில் மயக்கமருந்தே இல்லாமல் மீண்டும் மீண்டும் அறுவை செய்தார். கறுப்பினத்தவருக்கு வலி குறைவு என்று அக்கால மருத்துவ உலகில் பலர் நம்பினார்கள். அந்தப் பெண்களையும் மீனையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. கத்தியை வைத்திருப்பவரே வலிக்கும் இலக்கணம் எழுதுகிறார், அந்த இலக்கணத்தில் அவருக்கு வசதி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த இடத்தில் தமிழில் ஒரு சிக்கல் வருகிறது. அதைத் தாண்டிப்போனால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. நம் சூழலில் மீனுக்கு எதிரான பேச்சு மீனுக்காக எழுந்ததாக இருப்பது அரிது. உண்பவரின் தூய்மைக்காக எழுந்தது அது. வாடகை வீட்டு விளம்பரத்திலும் கல்லூரி விடுதிச் சமையலறையிலும் அது சாதியின் குரலாகவே ஒலிக்கிறது. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் கேட்ட நியாயம் காணொளியாகப் பரவிய பிறகே ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். இறக்கிவிட்டவர்களுக்கு மீனின் வலி பற்றி ஒரு கவலையும் இருந்திருக்காது. அருவருப்பு அறமாகாது. மீனுக்காகப் பேச வரும் பெண்ணியம் முதலில் இந்த இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

பிரிப்பதற்கான கருவி நம் நூல்களிலேயே இருக்கிறது. புலால் மறுத்தல் அதிகாரத்தில் 257ஆம் குறள் புலாலை வேறோர் உயிரின் புண் என்று அடையாளம் காட்டுகிறது. உண்பவருக்கு ஒட்டும் தீட்டைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆனால் அந்த அதிகாரம் இடம்பெற்றிருப்பது துறவறவியலில். இல்லறவியலில் இருப்பவளின் கையில்தான் அரிவாள்மனை இருக்கிறது. அவளிடம் இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நற்றிணை 45 பேசுகிறது. நெய்தல் நிலத்துத் தோழி, கொடி பறக்கும் ஊரின் தேர்வசதி படைத்த ஒருவனை விலக்கி நிறுத்துகிறாள். இவள் கடலுக்குள் புகும் பரதவரின் மகள், நாங்கள் கொழுப்புள்ள சுறாவை அறுத்து உலர்த்திப் பறவை ஓட்டுபவர்கள், எங்களுக்கு நலன் எதற்கு, புலவு நாறுகிறோம், தள்ளி நில் என்கிறாள். பேருந்திலிருந்து இறக்கிவிடுபவனின் சொல்லை அவன் வாய் திறப்பதற்கு முன்பே பிடுங்கித் தன் கேடயமாக்கிக்கொள்கிறாள். இந்தப் பாட்டில் மீன் மறைந்திருக்கவும் இல்லை. அறுபட்ட சுறா, கொழுப்பு, மொய்க்கும் பறவைகள் எல்லாம் மணல்மேல் கிடக்கின்றன. பரதவருக்கு இங்கே அமைந்த அடை 'மீன் எறி'. தூண்டிலாரின் பெயரில் இருக்கும் அதே சொல். 'எறி' என்றால் வீசு மட்டுமல்ல. அடி, வெட்டு, கொல் என்ற பொருள்களும் உண்டு. 'பிடித்த' என்று பொருள் சொல்லி நாம்தான் அதை மென்மையாக்குகிறோம்.

இரண்டு பாடல்களிலும் பெண்கள் கணக்குக் கேட்கும் சொல் 'நலன்'. இன்றைய அரசுத் துறைக்கும் இந்தச் சொல் தெரியும்: மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை. மீனுக்கு வளம், மீனவருக்கு நலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பது மீன் இனம் பெருகுவதற்காக. தேவையான தடைதான், ஆனால் அதில் மீன் ஒரு தொகை, தனி உயிர் அல்ல. இழுவை மடிக்குள் மணிக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக நசுங்கி, ஆழத்திலிருந்து ஏறும்போது காற்றுப்பை உப்பி, தளத்தில் மூச்சுத் திணறிச் சாகும் மீன்களில் ஒரு பங்கு மனிதர் உணவாவதுகூட இல்லை. கழிவு மீனாகக் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் போகிறது. கூடையோடு ஏலத்துக்கு வரும் பெண்ணால் வியாபாரிகளின் விலைக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. மீனின் துன்பம் மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில் அவளுக்கும் பங்கு குறைகிறது. கட்டுமரத்துத் தூண்டில் வலிக்காது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வலிக்கும்.

நார்வேயில் பண்ணை சால்மனைக் கொல்லும் முன் மயக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் சந்தையில் விராலும் கெளுத்தியும் அரையடித் தண்ணீரில் பேசினில் கிடக்கின்றன. காற்றையும் சுவாசிக்கக்கூடியவை என்பதால் எளிதில் சாவதில்லை. வாங்குபவர் 'உயிரோட இருக்கா?' என்று கேட்பது மீன் புதிதா என்று தெரிந்துகொள்ள. வெட்டிக் கொடுக்கும் பெண்ணுக்கு எங்கே ஓர் அடி விழுந்தால் மீன் அடங்கும் என்று தெரியும். வரிசையில் நிற்கும் நாம்தான் அவசரப்படுத்துகிறோம், துடிக்கத் துடிக்கச் செதில் போகிறது. 'அக்கா, முதல்ல தலையில அடிச்சிடுங்க, அப்புறம் செதில் எடுங்க, நான் நிக்கிறேன்' என்று சொல்லலாம். அரை நிமிடம் கூடும். அந்த அரை நிமிடத்துக்கும் சேர்த்து அவருக்கு வெட்டுக்கூலி கொடுக்க வேண்டும்.